முதுகு தேய்க்கும் நார்

அன்புள்ள அம்மாவுக்கு, ஹார்பினில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

முதுகு தேய்க்க நீங்கள் அனுப்பிய பீர்க்கங்காய் நாரை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலையில் கரியாக்கிவிட்டேன். திட்டாதீர்கள். இடது புருவம் லேசாகக் கருகியது, வளர்ந்துவிடும்.

"குளிக்கிற நாரா ரேடார் அலைய முழுங்கப் போகுது?" என்று என்னோடு ஆராய்ச்சி செய்யும் சியாவ் கேலி செய்தான். நேற்று சோதித்தோம். அனுப்பிய அலையில் லட்சத்தில் ஒரு பங்குகூடத் திரும்பி வரவில்லை. மூன்று வருடமாக என்னை நிமிர்ந்து பார்க்காத பேராசிரியர் எழுந்து வந்து, "இது எந்த ஊரு நாரும்மா?" என்றார். எங்கள் வீட்டுப் பந்தல் என்றேன்.

உலை சூடாகிவிட்டது, முடிக்கிறேன். இன்னும் பத்து நார் அனுப்புங்கள். ஒன்பது உலைக்கு, ஒன்று முதுகுக்கு. இங்கே பொதுக் குளியல்கூடத்தில் காசுக்கு முதுகு தேய்த்துவிடுகிற அம்மாள் நன்றாகத்தான் தேய்க்கிறாள். ஆனால் தேய்க்கும்போது என்னைத் திட்டுவதே இல்லை.

உங்கள் மகள்,
ஷ்யூலான்