காலி வீடுகளுக்கும் நம்பர்

கீழ்வீட்டு வங்காளி அம்மாள், நீ வாய் நிறைய பௌதி, அவர்கள் பாஷையில் அண்ணி, என்று கூப்பிடுவாயே, அவள் மொட்டைமாடித் துணியில் உளுந்து மாவைக் கிள்ளி வைத்திருக்கிறாள். அவர்கள் ஊர் வடாம். அந்த ஈர மாவு வாசனையில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஆகட்டும்.

அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் நினைத்த இடத்தில் சுற்ற முடியாது, ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என்று வர்க்கக் கணக்கில் வரும் தூரங்களில்தான் சுற்றும் என்று, நீ இதே மாடியில் கடைசியாக வடாம் இட்ட அந்தக் கோடையில்தான் படித்திருந்தேன். கிரகங்களுக்கும் அதே சட்டம்தான் என்று எனக்குப் பித்துப் பிடித்தது. நீ இட்டுவிட்டுப் போன வடாங்களை நகர்த்தியே உனக்கு விளக்கினேன். பூமி இருபத்தைந்தில் என்றால் புதன் ஒன்பதில், சுக்கிரன் பதினாறில், செவ்வாய் முப்பத்தாறில்.

"வடாமெல்லாம் ஒட்டிண்டு போச்சு" என்றாய் முதலில். பிறகு, "சுக்கிரன் நிஜமாவே பதினாறா?"

"பதினெட்டு. கிட்டத்தட்ட."

"பதினெட்டுக்குப் பதினாறு நிறுத்தா மளிகைக்கடைக்காரனை விடுவேளா? சரி, ஒண்ணுலயும் நாலுலயும் யாரு இருக்கா?"

"யாருமில்லை."

"செவ்வாய்க்கு அப்பறம்?"

"வியாழன் வரைக்கும் சொல்லும்படியா யாருமில்லை. அது நூத்து இருபத்தொண்ணு."

"ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் நம்பர் போட்டுண்டே போனா, எவன் எங்க நின்னாலும் ஏதோ ஒரு நம்பர் பக்கத்துலதான் நிப்பான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கென்ன தெரியும் என்றேன். "தெரியாது. அதான் கேக்கறேன்" என்று ஒட்டிய வடாங்களைப் பிரிக்கத் தொடங்கினாய். சாயங்காலம் நீதான் வந்து பேசினாய். "ஒண்ணு, நாலு, அந்த ரெண்டு காலி வீட்டுக்கும் ஒரு காரணம் சொல்லுங்கோ. ஒத்துக்கறேன்."

உன்னை ஒப்புக்கொள்ள வைக்காமல் இதைக் கட்டுரையாக எங்கும் அனுப்புவதில்லை என்று நானும் வீம்பு பிடித்தேன். அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

காரணம் இப்போது கிடைத்துவிட்டது. சூரியனுக்கு அவ்வளவு அருகில் எதுவும் வெந்து ஆவியாகிவிடும் என்று எழுதினேன். நேற்று காலேஜ் புரொபசர் ஒருவர் படித்துவிட்டு, பேஷ், அச்சுக்குக் கொடுக்கலாம் என்றார். ஆபீஸ் நண்பர்கள் முதுகில் தட்டினார்கள். பதினெட்டு எப்படிப் பதினாறு ஆயிற்று என்று ஒருவராவது கேட்கமாட்டாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். டிராமில் வரும்போது அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் எந்தக் கணக்கு பொருந்தி வந்தாலும் சந்தோஷப்படத் துணிவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், அடியே. நீ ஒரு தடவை வந்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போ.