நீ அனுப்பிய காலண்டர்

அன்புள்ள குருவிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் கை போகிறது, பழகிய கை அல்லவா, அதைப் பிடித்து நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் நல்லா இருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடும், அதனால்தான் கடிதம். குட்டியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு மேலே படி.

நானும் உன் அப்பாவும் பிரிந்து பதினான்கு மாதம் ஆகிறது. வீட்டை விட்டு நான் எங்கும் போகவில்லை, மாடியில் தையல் மெஷின் இருக்கும் அறைக்குப் போனேன், அவ்வளவுதான். துணி வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒற்றை அடுப்பு. அவர் சமையல் கீழே, என் சமையல் மேலே. படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்போம். உனக்கு அப்போது ஏழாம் மாதம், இரத்த அழுத்தம் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்தோம். கடைசியாக நாங்கள் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை உன் வீடியோ கால் வரும் நேரத்துக்கு நான் கீழே இறங்கி வருவேன், சோபாவில் அவர் பக்கத்தில் உட்காருவேன், சிரிப்பேன், போன் அணைந்ததும் மேலே போய்விடுவேன். ஞாயித்துக்கிழமை கூட அந்த டேப்பைக் கழுத்துலேர்ந்து கழட்ட மாட்டியாம்மா என்று நீ கேலி செய்வாயே, வேலையைப் பாதியில் விட்டு வந்ததால்தான் டேப் கழுத்தில் கிடந்தது. குட்டி பிறந்த பிறகு சொல்லலாம் என்றோம், அப்புறம் அதற்குக் காய்ச்சல், அப்புறம் நீ வேலைக்குத் திரும்பினாய். இப்படியே தள்ளிப் போயிற்று.

ஏன் பிரிந்தாய் என்று கேட்பாய். அவர் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. என்னிடம் யார் எது கேட்டாலும் பதில் அவர்தான் சொல்வார். டாக்டர் எங்கே வலி என்று என்னைக் கேட்டால் அவளுக்கு முழங்கால் என்பார், எனக்கோ இடுப்பில் வலி, மூன்று மாதம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இன்று சிரிப்பு வருகிறது, முப்பத்து நான்கு வருஷம் இப்படி என்றால் மூச்சு முட்டுகிறதடி.

விவாகரத்துக்காக நான் போய்ப் பார்த்த வக்கீலம்மா பொறுமையானவர், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். இரண்டு பேரும் சம்மதித்துச் சேர்ந்து மனு போட்டால் சீக்கிரம் முடியுமாம். ஒருவர் மறுத்தால் வழக்காகிவிடும், ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரே வீட்டுல இருந்தாலும் தனித்தனியா வாழ்ந்தா அது பிரிஞ்சு இருக்கிறதுதாம்மா, ஆனா அதை நிரூபிக்கணும் என்றார். மனுவில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற பக்கத்துக்கு வந்ததும், முப்பத்திரண்டு வயசுப் பிள்ளை, இது நமக்கு வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உன்னிடம்தானே இருந்தது.

சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்த உன் அப்பா, மனு கைக்கு வந்ததும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார், நான் மட்டும் வழக்குப் போட்டேன். போன வாரம் கோர்ட்டில் ஆலோசகர் எங்களைக் கூப்பிட்டார். சின்ன அறை, மூன்று நாற்காலி, ஓடாத மின்விசிறி. நீங்க சொல்லுங்கம்மா என்று என்னைத்தான் கேட்டார். அவளுக்கு ஒரு குறையும் இல்லைங்க என்று இவர் சொல்லிவிட்டுப் பையிலிருந்து உன் காலண்டரை எடுத்து மேசைமேல் விரித்தார். புது வருஷத்துக்கு நீ அச்சடித்து அனுப்பினாயே, வீடியோ காலில் நீ பிடித்து வைத்த, மாதத்துக்கு ஒன்றாக நாங்கள் சோபாவில் சிரிக்கும் படங்கள், அதேதான். டிக்கெட் பரிசோதகராக இருந்தவருக்கு ஆதாரம் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? பன்னெண்டு மாசமும் பாருங்க, எந்த மாசம் பிரிஞ்சிருக்கோம் என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஆலோசகர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டிலும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன்.

கோபப்படாதே, உன்மேல் தப்பில்லை. ஆசையாகச் செய்து அனுப்பினாய், நானே ஆணியடித்து மாட்டினேன். நீதிபதி அந்தப் படங்களை நம்பினால் இந்தப் பதினான்கு மாதமும் கணக்கில் வராது, முதலிலிருந்து ஒரு வருஷம் என்கிறார் வக்கீலம்மா. அதே மாடி, அதே படி. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி விசாரணை. உங்க பொண்ணு தான் கண்டதை எழுதிக் கொடுத்தா உதவியா இருக்கும் என்றார். எனக்காகப் பொய் எழுதாதே. அப்பாவைக் குறை சொல்லவும் வேண்டாம், அவர் உன்னிடம் உயிராக இருக்கிறார், அதை நான் மறுக்க மாட்டேன். அந்த அழைப்புகளில் அம்மா எப்படி இருக்கே என்று நீ கேட்டபோதெல்லாம் யார் பதில் சொன்னார் என்று மட்டும் யோசித்துப் பார். நினைவுக்கு வந்ததை எழுது. எழுத மனம் வராவிட்டால் விட்டுவிடு, அதற்காக நான் உனக்கு அம்மா இல்லாமல் போய்விட மாட்டேன்.

குட்டியின் நெஞ்சளவும் உயரமும் அனுப்பு, இரண்டு கவுன் வெட்டி வைக்கிறேன். நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையிடம் வள்ளென்று விழாதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப்போகிறேன்.

ஒன்றே ஒன்று நினைவில் வை. வரும் ஞாயிறு நீ கூப்பிடும்போது சோபாவில் அப்பா மட்டும் இருப்பார். அம்மா எங்கே என்றால் ஏதாவது சொல்வார், கேட்டுக்கொள். அம்மாவைக் கூப்பிடுங்கப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் குரல் மாடிவரை கேட்கும், நீ கூப்பிட்டால் நான் வந்து உட்கார்ந்துவிடுவேன்.

இப்படிக்கு,
மாடி அறையிலிருந்து
உன் அம்மா