தப்பாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாய்

பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் அந்தக் கட்டு கிடைத்தது. பேத்தி கல்லூரியில் வணிக மேலாண்மை படிக்கிறாள். கடைசி ஆண்டுக்கு ஆய்வறிக்கை எழுத வேண்டுமாம். "உங்களுது எப்படி இருக்கும்னு காட்டுங்க தாத்தா" என்றாள். மூன்றாவது கார்பன் நகல், எழுத்தெல்லாம் மங்கிய நீலம். உன் கடைச் சணலால் நீ கட்டிக்கொடுத்த கட்டு. முடிச்சை அவிழ்த்தபோது கொத்துமல்லி விதையின் வாசனை வந்ததா, வந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீ இருந்திருந்தால், "வாசனைக்கும் அத்தாட்சி வேணுமாடா உனக்கு?" என்று கேட்டிருப்பாய்.

நீ போய் ஆறு ஆண்டுகளாகின்றன. உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. உயிரோடு இருந்தவரை அதற்குத் தேவை ஏற்படவில்லை. வில்லியனூரில் கடை திறந்திருந்தால் நீ இருப்பாய்.

பள்ளி இறுதி வரை நாம் ஒரே பெஞ்சு. கணக்கில் எப்போதும் நீதான் முந்துவாய். உன் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததும் நீ மளிகைக் கடையில் உட்கார்ந்தாய், நான் சென்னைக்கு பி.காம். படிக்கப் போனேன். அதைப் பற்றி நீ ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்றாவது ஆண்டு, என் ஆய்வுக் கட்டுரைக்காக ஊருக்கு வந்தேன். 'கிராமச் சந்தைகளில் சிறு வணிகர்களின் கொள்முதலும் விற்பனையும்' என்பது தலைப்பு. இருபத்திரண்டு கேள்விகளைத் தட்டச்சு செய்து அட்டையில் செருகிக்கொண்டு, வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஷூவுமாய் வில்லியனூர்ச் சந்தைக்கும் பாகூர்ச் சந்தைக்கும் அலைந்தேன். இரண்டு வாரத்தில் நாற்பது பேரிடம் கேட்டாயிற்று. அட்டவணை போட்டு, கோடு இழுத்து, பெருமையாக உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன்.

நீ படித்தாய். இன்னொரு முறை படித்தாய். பிறகு சர்க்கரை மூட்டையின் மேல் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

"இன்னாடா புரொபசரு, நாப்பது பேருல ஒருத்தரு கூட யாவாரம் பண்ணலியா?"

உண்மைதான். எதற்காகச் சரக்கு வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நாற்பது பேரும் ஒரே பதில் சொல்லியிருந்தார்கள்: 'விக்கறதுக்கு இல்லீங்க சார், வூட்டு செலவுக்குத்தான்.' கூடை நிறையக் கருவாட்டை முன்னால் பரப்பி வைத்திருந்த பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். பதில் சொல்பவரின் வார்த்தையை மாற்றக் கூடாது என்று பாடத்தில் இருந்தது. நானும் மாற்றவில்லை.

"இத்தினி வருஷம் சாவடியில நின்னவங்கடா இவங்கள்லாம்" என்றாய். "இந்த ஊரு பிரெஞ்சுக்காரன்து, அடுத்த ஊரு இந்தியாது. கூடையத் தூக்கினா எதிர்ல சுங்கச் சாவடி. காயிதம் வச்சிக்கினு எவன் கேட்டாலும் வாயில வர்றது அந்த ஒரே பதிலுதான். சாவடியை எடுத்துட்டாங்க. பதிலை யாரு எடுக்கறது?"

கட்டுரை கொடுக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் என் அப்பா முன்னால் போய் நிற்க என்னால் முடியாது. மறுநாள் கடையை உன் தம்பியிடம் விட்டுவிட்டு, என் ஷூவைக் கழற்றச் சொன்னாய். சட்டையையும் மாற்றச் சொன்னாய். அட்டையைப் பிடுங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டாய்.

"கேள்வி கேக்காத. தப்பா சொல்லு. தப்பா சொன்னா திருத்த வராத மனுசனே கெடையாது."

பாகூரில் அந்தக் கருவாட்டுக்காரம்மாள் முன்னால் நீ குந்திய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இன்னாக்கா, நீங்கள்லாம் வில்லியனூர்ல மொத்தமா வாங்கியாந்து இங்க குந்திக்கறீங்களாமே?"

"எந்தக் கட்டையில போறவன் சொன்னான்? எங்க வூட்டு ஆம்பள புடிச்சி, நானும் எம் மவளும் உப்பு போட்டு காய வச்சது. காலையில அபிஷேகப்பாக்கம், வெயிலு ஏறினா இங்க, மிச்சம் மீந்தா ஏம்பலம். வாங்கியாந்தேனாம்! எடுத்து மோந்து பாரு!"

என் இருபத்திரண்டு கேள்விகளில் எட்டுக்கு ஒரே மூச்சில் பதில் வந்துவிட்டது. அப்புறம் அவள், ஷூவும் அட்டையும் இல்லாத என்னை அடையாளம் தெரியாமல் பார்த்து, "இவரு யாரு, மொறச்சிக்கினே நிக்கறாரு?" என்றாள்.

"நம்ம பையன்தான்க்கா. பாவம், பேச்சு வராது."

அவள் உச்சுக் கொட்டி, இரண்டு நெத்திலிக் கருவாட்டை என் கையில் திணித்தாள். அன்றிலிருந்து நான்கு வாரம், இரண்டு சந்தையிலும் நான் ஊமை. திரும்பும் வழியில் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்துவோம். யார் எங்கே வாங்கினார்கள், எந்த நாளில் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று ஒன்று விடாமல் நீ ஒப்பிப்பாய். நான் எழுதுவேன். கட்டுரையை எழுதிய கை என்னுடையது. கண்ணும் காதும் நினைவும் உன்னுடையவை.

தட்டச்சுக்குப் போன அன்று ஒரு உறுதிமொழித் தாள் கொடுத்தார்கள். 'இத்தகவல்கள் யாவும் பிறர் உதவியின்றி நானே திரட்டியவை.' கையெழுத்துப் போட்டேன். உன் பெயரைச் சொன்னால் கட்டுரையைத் தள்ளிவிடுவார்களோ என்று பயம். யாரிடமாவது கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவும் பயம். நன்றியுரையில் பேராசிரியர் இருந்தார், நூலகர் இருந்தார், தட்டச்சு செய்தவர்கூட இருந்தார்.

கட்டுரைக்கு நல்ல பெயர் கிடைத்தது. புதிதாக வந்திருந்த கூட்டுறவு அதிகாரி ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, வேலைக்கு ஆள் தேடி ஊருக்கே வந்தார். நாம் மூவரும் உன் கடையில் நின்றோம். "எப்படித் தம்பி இத்தனை விவரம் சேர்த்தீர்கள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்:

"எல்லாம் அவனே தனியா சுத்தி எழுதினதுங்க சார். நான் கடைய வுட்டு எங்க போறது?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். கையில் இதே நகலும் சணலும். ஏற்கெனவே கட்டி முடித்த கட்டுக்கு இன்னொரு சுற்று சுற்றினாய். பிறகு இன்னொரு சுற்று. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி "பலே" என்றார். நீ முடிச்சுப் போட்டாய்.

எனக்கு வேலை கிடைக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாய் என்றே வெகுகாலம் நம்பினேன். அப்படியும் இருக்கலாம். ஆனால், நான் திருத்துவேன் என்று காத்திருந்தாய் என்பதைத் தவிர அந்த இரண்டு சுற்றுகளுக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. வேலையில் இருந்த முப்பத்து நான்கு ஆண்டும், யாராவது சட்டென்று பதில் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பேன். நீ கற்றுத் தந்தது. உன் கடைக்கு வந்து எவ்வளவோ பேசினேன். இதைத் தவிர.

பேத்தி கட்டைப் புரட்டிவிட்டு, "நீங்க ஒருத்தரே இவ்ளோவும் பண்ணீங்களா தாத்தா?" என்றாள். அவள் தெரியாமல்தான் கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

நகலோடு இருந்த உறுதிமொழித் தாளில் 'பிறர் உதவியின்றி' என்பதை அடித்தேன். மேலே உன் பெயரை எழுதினேன், உன் அத்தா பெயரின் முதலெழுத்தோடு. திருத்த வராத மனிதனே கிடையாது என்றாயே, அது பொய்யாகவில்லை. ஒருவன் மட்டும் கடை மூடிய பிறகு வந்திருக்கிறான்.