வெந்நீர் அடுப்பு யாருடைய வேலை

இன்று காலை வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்தேன். நேற்றைய மழையில் நனைந்த கவாத்துக் குச்சி, ஊத ஊதப் புகைதான் வந்தது. தேயிலைக் குச்சி எரிகிற வாசனைதான் உங்களுக்குத் தெரியுமே, கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் மருந்துமாக இருக்கும். புகை கண்ணில் பட்டதும் வழக்கம்போல உங்களைத் திட்டத்தான் வாய் வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இப்போது ஜெகதளாவில் நம் பெண் வீட்டில் இருக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டது. மேடும் பள்ளமும் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தது போதும் என்று இரண்டு மாதத்துக்கு முன் அவள்தான் வந்து கூட்டிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. எனக்கே என்மேல் சலிப்பாக இருக்கிறது.

அவளுக்குப் பத்து வயது முடிந்ததும் வெந்நீர் அடுப்பு இனி உன் பொறுப்பு என்று சட்டம் போட்டவள் நான். இருட்டு பிரிவதற்குள் நான் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். நீங்கள் தேயிலை பேக்டரியில் இலை காயவைக்கிற டிரையருக்கு நெருப்புப் போட ஷிப்டுக்குப் போய்விடுவீர்கள். அவளே எழுந்து, அடுப்பு மூட்டி, குளித்து, பள்ளிக்கூடம் போகட்டும் என்றேன். உங்கள் வீட்டுக்கு நான் வந்தபோது ஈரக் குச்சியைப் பற்ற வைக்கத் தெரியாமல் விழித்ததும், உங்கள் சொந்தக்காரர்கள் சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. என் பெண்ணைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. பேக்டரி முதலில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரேயடியாக மூடிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் அணையாமல் நெருப்பைப் பார்த்துக்கொண்ட மனுஷனுக்கு ஒரே வாரத்தில் பார்க்க நெருப்பு இல்லாமல் போயிற்று. எனக்கு மட்டும் தோட்டத்தில் சில நாள் வேலை கிடைத்தது. நீங்கள் தோட்டத்து லைன் வீட்டில் சும்மா இருந்தீர்கள்.

ஒருநாள் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாளை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். நம் பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு பலகைமேல் மகாராணியாக உட்கார்ந்திருந்தாள். நீங்கள் அடுப்பின் முன் குந்தி, கத்தியால் குச்சியைச் சுருள் சுருளாகச் சீவிப் போட்டு ஊதிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

“ஏனுங்க, பொண்ணக் கெடுக்கறீங்களா? நாளைக்குப் போற ஊட்டுல யாரு வந்து பத்த வெப்பாங்க, நீங்களா?”

“குளுருதல்ல புள்ள. இன்னிக்கு மட்டுந்தான்.”

“வேல இல்லீன்னா சும்மா உக்காந்திருங்க. அவ வேலையப் புடுங்காதீங்க.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கத்தியைத் துடைத்துப் பரண்மேல் வைத்தீர்கள். மறுநாளிலிருந்து அடுப்புப் பக்கம் வரவே இல்லை. மூடிக்கிடந்த பேக்டரி கேட்டு வரைக்கும் நடந்து போய் நின்றுவிட்டு வருவீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இங்கே பெண் ஒரே தீக்குச்சியில் அடுப்பைப் பற்ற வைத்தாள். பார்த்தீர்களா, ஒரு சத்தம் போட்டதில் கற்றுக்கொண்டாள் என்று உங்களிடமே பெருமை பேசினேன். “கெட்டிக்காரிதான்” என்றீர்கள். அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் நெஞ்சுச் சளி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இங்கே வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்த அடுப்பு பற்றவே மாட்டேன் என்கிறது. “எனக்கு வரலம்மா, நீ வந்து பாரேன்” என்று தினமும் கூப்பிடுவாள். நானும் முனகிக்கொண்டே எழுந்து போய்ப் பற்ற வைப்பேன். எல்லாம் உங்கள் செல்லத்தால் வந்தது என்று தினமும் உங்களுக்கு ஒரு திட்டு. போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“பத்து வயசுல ஒரே குச்சியில பத்த வெச்சவ நீ. நான் போட்ட சத்தத்துல கத்துக்கிட்டதெல்லாம் எங்கடி போச்சு?”

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உன்ற சத்தத்துல கத்துக்கலம்மா. பேக்டரி மூடறதுக்கு முன்னயே எனக்கு நல்லா வரும். மூடுன அடுத்த நாளும் நாந்தான் பத்த வெச்சேன். அப்பா பக்கத்துல வந்து நின்னு, ‘ஓ, பத்த வெச்சிட்டியா’ன்னு கேட்டுட்டு வெளிய போயிட்டாரு. போயி படியில சும்மா உக்காந்திருந்தாரு. அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல. மறுநாள் குச்சிய வேணும்னே ஈரத்துல போட்டுட்டு, எனக்கு வரலப்பான்னு கூப்புட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?”

“அவரு முன்னாடி எப்பிடிம்மா சொல்றது?”

பொறுப்பு வரவேண்டும் என்று அவள் தலையில் நான் ஓர் அடுப்பை வைத்தேன். அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அந்த வயதில். அதையும் கெடுத்துவிட்டு, உங்களைப் பேக்டரி கேட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். சோறு வடித்தாகிவிட்டது, துணி துவைத்தாகிவிட்டது. பேத்தி தன் சாப்பாட்டு டப்பாவைத் தானே கட்டிக்கொண்டாள். இந்த வீட்டில் யார் வேலையையும் யாரும் தொடுவதில்லை. வெந்நீர் அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. குச்சி அடுக்கியிருந்தது, மேலே தீப்பெட்டி. குச்சியைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். கொட்டகைக்குள் காய்ந்த குச்சி ஒரு கட்டு இருக்கிறது.

“அம்மா, இது பத்தவே மாட்டேங்குது. நீ வாயேன்.”

முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தேன். உங்கள் கத்தி என்னிடம்தான் இருக்கிறது, அதைக் கொண்டு குச்சியைச் சுருளாகச் சீவினேன். அவள் நடிக்கிறாள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. தெரிந்துதான் நீங்களும் தினமும் குந்தியிருப்பீர்கள். நெருப்புப் பிடித்ததும், “தண்ணி சுடுது பாப்பா, வந்து குளி” என்று நம் பெண்ணுக்குக் குரல் கொடுத்தேன்.