வாசல் நோட்டில் என் பெயர்

கண்ணு,

நீ வீட்டை விட்டுப் போன அன்று கூடத்தில் இருந்தவர்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன். "மாப்பிள்ளை வேண்டாங்கிற வாய்க்கு இங்கே சோறு கிடையாது" என்று கத்திய உன் அப்பன். உன் பையைத் தூக்கி வெளியே வைத்த உன் சித்தி. கையில் காபி டம்ளரோடு வேடிக்கை பார்த்த மாடிவீட்டுக்காரி.

வீடில்லாத பிள்ளைகளுக்கான உன் விடுதியில் வாசல் பார்க்கிற அம்மாவையும் அந்த வரிசையில்தான் சேர்த்து வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேத்தி உங்க பேரை எழுதலைம்மா. எழுதாதவங்களை உள்ளே விட முடியாது" என்றாள்.

"நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று கேட்டேவிட்டேன்.

"திட்டுங்க, பரவாயில்லை. போன வாரம் உங்க மகனும் வந்து குதிச்சாரு. அவரையும் இதே படியிலதான் நிறுத்தினேன்."

அங்கேயே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நம் வீட்டில் ஒருவரும் செய்யாததை அவள் செய்திருக்கிறாள்.

நேற்று நோட்டில் என் பெயர் இருந்தது. உன் கட்டிலைப் பார்த்தேன். பூட்டுப் போட்ட உன் அலமாரியைப் பார்த்தேன். உன்னை நர்சிங் வகுப்பில் சேர்த்துவிட்ட மேடத்தையும் பார்த்தேன். உனக்குக் கன்னத்தில்கூடச் சதை போட்டிருக்கிறது. அவர்கள் எல்லாரும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

உன் அப்பனைக்கூட என்றாவது மன்னித்துத் தொலைப்பேன். அன்று இருந்தவர்களில் ஒருத்தியை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். நீ படியிறங்கியதும் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டவள். அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவள் பெயரை அந்த நோட்டில் எப்படித்தான் எழுதினாயோ, தாயே.

உன் பாட்டி