கரையைப் பார்க்காமல் சொன்னது

ஞாயிறு, நவம்பர் 9, காலை 10.40. அமெரிக்க வெள்ளி டாலர்கள் பதினேழு. பதினாறைத் தரம் பிரித்தாயிற்று. பதினேழாவதை எடுத்ததும் விரலில் திருநீறு ஒட்டியது. வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன், அண்ணை.

பெட்டியைத் தந்தது அண்ணி. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஏழு மாதம். எது என்ன காசென்று பட்டியல் போட்டுத் தரச் சொன்னார். விமான உதிரிப்பாகங்களை அளக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்பது அவர் நினைப்பு. என் நினைப்பும் அதுதான்.

இந்தக் காசை லூயிஷாம் ஸ்டேஷனில் வைத்துக் காட்டினீர்கள். சட்டைப்பையிலிருந்த லேஞ்சித் துணியில் சுற்றியிருந்தது. சேகரிப்பவர்களுக்கென்று தனியாக அடித்த ப்ரூஃப் காசு இது என்பது உங்கள் கட்சி. அச்சைப் புதிதாக மெருகிட்டிருந்தால் புழக்கத்துக்கு அடித்த காசும் ப்ரூஃப் போலவே முகம் தெரிகிற மாதிரி மினுங்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிப் போனது.

“மினுங்குது, அவ்வளவுதான். சாதாரணக் காசு அண்ணை.”

“கரையையும் ஒருக்காப் பார் தம்பி.”

“ட்ரெயின் வருது.”

நீங்கள் காசைத் திரும்பச் சுற்றி வைத்தீர்கள். காசு சாமித்தட்டுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அண்ணி வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்க்கும்போது அதையும் சேர்த்துத் தேய்ப்பார். நானே பார்த்திருக்கிறேன். இஞ்சினியர் கழித்துவிட்ட காசு, இனிச் சாமிக்குத்தான் என்று ஒருநாள் பகிடி விட்டீர்கள். நானும் சிரித்தேன்.

இன்று கரையைப் பார்த்தேன். விளிம்பு வெட்டியெடுத்தது போல் கூர்மையாக நிற்கிறது. எழுத்துகளுக்கு இடையிலுள்ள இடுக்கிலும் கண்ணாடிப் பளபளப்புக் குறையவில்லை. சாதாரணக் காசில் பெரும்பாலும் அங்கேதான் மங்கும். காசிலுள்ள பெண் தலையில் காதுக்கு மேலுள்ள மயிர், மறுபக்கத்துக் கழுகின் மார்பு இறகு, ஒன்றும் மழுங்கவில்லை. வெளிச்சத்தை மாற்றி மாற்றி நான்கு தரம் பார்த்தேன். ப்ரூஃப்தான். அதன்மேல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வட்டவட்டமாகத் தேய்த்த கீறல்கள். இனி அவற்றை எடுக்க வழியில்லை; காசின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போயிற்று.

பின்னேரம் தேத்தண்ணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் அண்ணி. உண்மையைச் சொன்னால் முதலில் தன் கைகளைத்தான் பார்ப்பார். சாதாரணம் என்றே எழுதிக் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதையும் அரை மணி நேரம் யோசித்தேன். உங்களிடம் எதற்கு மறைக்க?

இனிச் செய்யப்போவது:

1. பதினேழாவதுக்கு நேரே ப்ரூஃப் என்று எழுதுவேன். கீறல் உண்டு என்றும் எழுதுவேன்.

2. பட்டியலை அண்ணி கையில் கொடுக்குமுன், இதைச் சாதாரணம் என்றது நான், சரியாகப் பார்க்காமலே சொன்னேன் என்று சொல்லிவிடுவேன்.

3. “அப்ப அவர் சொன்னது சரியோ?” என்று கேட்பார். ஓம் என்பேன். அதற்குமேல் ஒன்றும் விளக்கமாட்டேன்.