எதிர்வீட்டின் கறுப்புப் பலகைகள்

அனுப்புநர்
மேவிஸ் கேட்டர்மோல்,
ரூக் காட்டேஜ், லிட்டில் வெனிங், சஃபோக்.

பெறுநர்
பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலர்,
மாவட்ட மன்றம்.

பொருள்: எதிர்வீட்டின் பொய் மரச்சட்டங்களை அகற்றக் கோரி ஏப்ரலில் நான் அளித்த புகாரும், பின்னர் நேர்ந்ததும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வீட்டுக்கு வயது நானூற்று ஐம்பது. தங்கள் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அதன் ஓக் மரச்சட்டம் முழுவதும் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இருப்பதால், பார்ப்பவருக்கு அது வெறும் இளஞ்சிவப்புச் சுவர்.

2. எதிரே திரு. டெஸ்மண்ட் பெட்டிட்டின் வீடு 1931இல் கட்டிய செங்கல் வீடு. பழங்கால மரச்சட்ட வீடு போலத் தெரிய, அதன்மேல் பலகைகளை ஆணியடித்துக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார். சுற்றுலாப் பேருந்தில் வருபவர்கள் என் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத்தான் படம் பிடிப்பார்கள். தேவாலய நாட்காட்டியின் அட்டையிலும் அவர் வீடே. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே தாங்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

3. தங்களுக்குப் புகார் எழுதிய பின் அவரிடம் நேரிலும் கேட்டேன். தேநீரும் கையுமாகத் தம் கேட்டில் சாய்ந்துகொண்டு, "என்னோடது பொய்தான், யாரு இல்லைன்னா? உங்க வீடு நிஜம்தான் மேவிஸ், ஆனா இழுத்துப் போர்த்திக்கிட்டுக் கெடந்தா யாருக்குத் தெரியும்?" என்றார்.

4. ஆகவே மே மாதம், தங்கள் அனுமதியின்றி, முன்சுவரின் பூச்சு முழுவதையும் நானே உளியால் பெயர்த்தேன். குற்றம் என்று அறிவேன். உள்ளே இருந்தவை கோணல்மாணலான மரங்கள். வெளியே காட்டுவதற்காக யாரும் அவற்றைச் செதுக்கவில்லை. பேருந்தில் வந்த ஓர் அம்மாள், "ஐயோ பாவம், இடிக்கப் போறாங்க போல" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பிப் படமெடுத்தார்.

5. ஜூன் மழை உள்ளே புகுந்தது. மரங்களுக்கு இடையே இருந்த களிமண் கரைந்து என் படுக்கையில் விழுந்தது. சுவரைத் தாங்கும் அடிச்சட்டம் ஊறிப்போய் விரலுக்கே அமுங்குகிறது. இத்தனை காலம் நின்றதை ஆறே வாரத்தில் கெடுத்தேன்.

6. அந்த மழையிலேயே திரு. பெட்டிட் ஏணியும் தார்ப்பாயுமாக வந்தார். நான் கூப்பிடவில்லை. காற்றில் தார்ப்பாய் நிற்காததால், தம் வீட்டுப் பலகைகளைப் பெயர்த்து வந்து அதன்மேல் அடித்தார். கேலி பேசுவார் என்று காத்திருந்தேன். கடைசி ஆணியை அடித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

7. எனவே குளிர்காலத்துக்கு முன் மீண்டும் சுண்ணாம்பு பூச அனுமதி தாருங்கள். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். ஏப்ரல் புகாரை மட்டும் நிறுத்திவையுங்கள். அகற்றச் சொன்ன பலகைகள் இப்போது என் சுவரில் இருக்கின்றன.

நேற்று ஒரு பேருந்து வந்தது. முதன்முறையாக எல்லோரும் என் வீட்டைப் படம் பிடித்தார்கள். பலகைகளைத்தான், ஐயா.

இடம்: லிட்டில் வெனிங்
நாள்: 11.07.1994

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) மேவிஸ் கேட்டர்மோல்